விருந்தாளிக்கு மூன்று நாள்: வெளிநாட்டு நண்பரின் இல்லத்தில் கோடை விடுமுறை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும் நம் மஹல்லாக்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. முன்பு குற்றாலம், கொடைக்கானல், உறவினர் ஊர் என்ற அளவில் நின்ற கோடை விடுமுறை இப்போது கடல் கடந்தும் நீள்கிறது. கோலாலம்பூரில் ஒரு நண்பர், பினாங்கில் ஒரு நண்பர், துபாயில் ஒரு நண்பர் என்று சொல்லிக்கொள்ள இயலாத குடும்பம் நம் ஊர்களில் அரிது. இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் விசா இன்றி 30 நாள் வரை தங்கலாம் என்று மலேசிய அரசு 2023 டிசம்பர் 1 முதல் அனுமதித்த பின்னர் அந்நாட்டுக்குச் செல்வது இன்னும் எளிதாயிற்று. திருச்சியில் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். பயணச்சீட்டுக்கு மட்டும் பணம் சேர்ந்துவிட்டால் போதும், "தங்குவதற்குத்தான் நண்பர் இருக்கிறாரே!" என்ற ஒரே சொல்லில் மீதிக் கணக்கு முடிந்துவிடுகிறது.

அந்தச் சொல்லைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

நண்பரைக் காணச் செல்வது மார்க்கம் விரும்பும் நற்செயல். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. எனினும் நண்பரின் இல்லத்தில் குடும்பத்தோடு தங்குவது மூன்று நாளைத் தாண்டலாகாது என்பதும், அதற்கு மேல் அந்நாட்டில் இருக்க விரும்புவோர் தங்குமிடத்தைத் தாமே பார்த்துக்கொள்வதே முறை என்பதும் நம் கருத்து. இதை அந்நிய நாகரிகம் என்றோ, பாசம் குன்றிய கணக்கு என்றோ யாரும் எண்ண வேண்டாம். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்கு வகுத்துத் தரப்பட்ட அளவு இது.

வானவர் கேட்ட கேள்வி

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு செய்தியை நம்மில் பலர் ஜுமுஆ மேடைகளில் கேட்டிருப்போம். ஒரு மனிதர் வேற்றூரில் இருந்த தம் சகோதரரைக் காணப் புறப்பட்டார். அவருடைய வழியில் அல்லாஹ் ஒரு வானவரை நிறுத்தினான். எங்கே செல்கிறீர் என்று வானவர் வினவினார். இவ்வூரிலுள்ள என் சகோதரரைக் காணச் செல்கிறேன் என்றார் அவர். அவரிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டிய, பேணிக்கொள்ள வேண்டிய நன்மை ஏதும் உமக்கு உண்டா என்பது வானவரின் அடுத்த கேள்வி. இல்லை, அல்லாஹ்வுக்காக அவரை நேசிக்கிறேன், அவ்வளவே என்று அவர் மறுமொழி கூறினார். நீர் அவரை நேசித்தது போன்றே அல்லாஹ்வும் உம்மை நேசிக்கிறான் என்ற நற்செய்தி அப்போது அவருக்குக் கிடைத்தது.

இச்செய்தியின் உயிர், வானவரின் அந்த இரண்டாம் கேள்வியில் இருக்கிறது. பயணம் என்னவோ நண்பரின் ஊருக்குத்தான். ஆனால் எதற்காக? வாடகையின்றிக் கிடைக்கும் அறைக்காகவா? வாகனத்தோடு வந்து ஊர் சுற்றிக் காட்டும் உதவிக்காகவா? மகனுக்கு அங்கே ஒரு வேலைக்கு வழி செய்து தருவார் என்ற எதிர்பார்ப்புக்காகவா? இவற்றுள் எதுவும் ஹராம் என்று நாம் கூறவில்லை. ஒருவர் மற்றவருக்கு உதவுவது சகோதரத்துவத்தின் பகுதியே. ஆனால் உதவி பெறச் செல்வதற்கு 'நண்பரை நலம் விசாரிக்கச் செல்கிறேன்' என்று பெயர் சூட்டுவது நேர்மையன்று. திருச்சி விமான நிலைய வாசலில் ஒரு வானவர் நின்று அதே கேள்வியைக் கேட்பாராயின் தயக்கமின்றி விடை சொல்ல முடியுமா என்று ஒவ்வொரு குடும்பமும் பயணச்சீட்டு எடுக்கும் முன் எண்ணிப் பார்க்கட்டும்.

மூன்று நாள் என்ற அளவு

அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புகிறவர் தம் விருந்தாளியைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்ற நபிமொழியை அறியாதவர் இல்லை. வீடு வீடாக அதைச் சொல்லி வளர்ந்த சமுதாயம் நாம். ஆனால் அதன் தொடர்ச்சி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பான உபசரிப்பு. விருந்தோம்பல் மூன்று நாள். அதற்குப் பின் அளிக்கப்படுவது தர்மம் என்று நபி (ஸல்) அவர்கள் வரையறுத்தார்கள். விருந்தளிப்பவரை இக்கட்டில் தள்ளும் அளவுக்கு அவரிடம் தங்கியிருப்பது விருந்தாளிக்கு ஆகுமானதன்று என்றும் சொன்னார்கள்.

முஸ்லிமின் ஓர் அறிவிப்பில் இந்த இக்கட்டு இன்னும் கடுமையாகக் கூறப்படுகிறது: விருந்தளிப்பவரைப் பாவத்தில் ஆழ்த்தும் வரை தங்குவது கூடாது. அது எவ்வாறு என்று தோழர்கள் வினவியபோது, உபசரிக்க அவரிடம் ஒன்றுமே இல்லாத நிலையில் இவர் தங்கிக்கொண்டிருப்பதுதான் என்று விளக்கம் தந்தார்கள் நபி (ஸல்) அவர்கள். கையில் பணமில்லாதவர் விருந்தாளிக்காகக் கடன் வாங்குகிறார். வட்டிக்கு அஞ்சாமல் கடன் அட்டையைத் தேய்க்கிறார். மனைவியிடம் சினந்து பேசுகிறார். விருந்தாளி எப்போது புறப்படுவார் என்று மனத்துக்குள் புலம்பி, வெளியே "இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமே" என்று பொய்யும் சொல்கிறார். விருந்தாளியின் நீண்ட தங்கல் விருந்தளிப்பவரின் ஏட்டில் எத்தனை பாவங்களை எழுத வைக்கிறது என்று பாருங்கள்!

"அவர் ஒருபோதும் முகம் சுளிக்கவில்லையே" என்று சிலர் கூறுவர். அவர் எப்படிச் சுளிப்பார்? அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆம் வசனத்தை நினைவுகூர வேண்டுகிறோம். நபியவர்களின் இல்லத்தில் விருந்துண்டவர்கள் உணவுக்குப் பின்னும் பேச்சில் ஆழ்ந்து அமர்ந்திருந்தது அவர்களுக்குத் துன்பம் தந்தது. அதை வெளியிட்டுச் சொல்ல அவர்கள் வெட்கப்பட்டார்கள். சத்தியத்தைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்ற கருத்தை அவ்வசனம் தாங்கியுள்ளது. அண்ணலாருக்கே நாணம் வாயடைத்தது என்றால், கோலாலம்பூரில் வாடகை வீட்டில் வாழும் நம் நண்பருக்கு வாய் திறக்குமா? ஆதலால் அவர் சொல்லட்டும் என்று காத்திருப்பது தகாது. அளவறிந்து எழுவது விருந்தாளியின் கடமை.

அந்த வீட்டின் உள்ளே

பழங்காலத்தில் இவ்வழக்கம் வேறு விதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ரஜூலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து பல நாட்கள் பயணித்துப் பினாங்குக்குச் சென்றவர் பெரும்பாலும் தனி ஆண். அவர் போய்ச் சேர்ந்த இடம் ஊர்க்காரர் ஒருவரின் கடை. பகலில் வியாபாரம், இரவில் அதே கடையின் மாடியில் பாய். அங்கே ஆண்களே கூடி வாழ்ந்தார்கள். வந்தவரும் வேலையில் கை கொடுத்தார். மாதக்கணக்கில் தங்கினாலும் எவருக்கும் இடைஞ்சல் இல்லை. அந்தக் கடை மாடி வழக்கத்தை இன்றைய குடும்ப வீட்டுக்குள் கொண்டுசெல்வதில்தான் சிக்கல் எழுகிறது.

இன்று நம் நண்பர்கள் பலர் மனைவி மக்களுடன் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறார்கள். ஒரு கூடம், இரண்டு அல்லது மூன்று அறைகள். நான்கு பேர் வாழும் அவ்வீட்டுக்குள் ஐவர் கொண்ட ஒரு குடும்பம் பெட்டிகளுடன் வந்து இறங்குகிறது. நம் பிள்ளைகளுக்குத்தான் விடுமுறை. அங்குள்ள பிள்ளைகளுக்கு மே மாதத்தின் பெரும்பாலான நாட்கள் பள்ளி நாட்கள். காலை ஏழரை மணிக்கெல்லாம் பாடம் தொடங்கிவிடும் என்பதால் ஃபஜ்ருக்கு எழுந்ததும் வீடு பரபரக்கிறது. மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னதாகச் செல்கிறது. ஊரில் இரவு பத்து மணி எனில் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. ஊர்ப் பழக்கத்தில் பத்து மணி வரை கதை பேசுவோர் அந்த வீட்டாரின் உறக்கத்தைப் பறிக்கிறார்கள் என்பதை உணர்வதில்லை. நண்பர் உணவகத்திலோ கடையிலோ பணிபுரிபவராயின் ஒரு நாள் விடுப்புக்கு ஒரு நாள் ஊதியத்தை இழக்க நேரிடலாம். அந்த இழப்பை அவர் சொல்ல மாட்டார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சுமை அவ்வீட்டுப் பெண்மணியின் தலைமேல் இருக்கிறது. சமையலை மட்டும் சொல்லவில்லை. கணவரின் நண்பர் அவருக்கு அந்நிய ஆண். தம் சொந்த வீட்டில், அடுப்பு வெக்கையில், ஃபஜ்ரிலிருந்து நள்ளிரவு வரை தலையை மூடிய நிலையிலேயே அவர் இயங்க வேண்டியிருக்கிறது. குளியலறைக்குச் செல்லவும் கூடத்தைக் கடக்க வேண்டும். வயது வந்த மகள் இருப்பின் அவளுக்கும் அதே நிலை. கணவர் வேலைக்குச் சென்ற பின் விருந்தாளி வீட்டிலேயே இருந்துவிட்டால், அவருடைய மனைவி மக்கள் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில், மார்க்கம் தடுத்த தனிமை எவரும் எண்ணாமலே நேர்ந்துவிடவும் கூடும். ஒரு பெண்ணுக்கு அவளுடைய வீடே பர்தாவை நீக்கி இளைப்பாறும் இடம். அந்த இடத்தைப் பன்னிரண்டு நாள் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள எந்த நட்புக்கும் உரிமை இல்லை.

இதைப் படிக்கும் ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். நண்பரிடம் இசைவு கேட்டால் போதும் என்று நினையாதீர்கள். நம் இல்லத்தரசிகள் அந்த இல்லத்தரசியிடம் தனியே பேசட்டும். ஆண்கள் "வா, வா" என்று அழைத்துவிடுவார்கள். வீட்டின் உண்மை நிலை பெண்களின் பேச்சில்தான் வெளிப்படும்.

இசைவு கேட்கும் முறை

அந்நூர் அத்தியாயம் 27, 28ஆம் வசனங்கள் பிறர் வீட்டில் நுழைவதற்கு அனுமதி வேண்டச் சொல்கின்றன. திரும்பிச் செல்லுங்கள் என்று கூறப்பட்டால் திரும்பிவிடுவதே தூய்மையானது என்றும் கற்பிக்கின்றன. அனுமதி என்பது மறுக்கவும் இடம் தருவது. விமானச் சீட்டை எடுத்துவிட்டு, "மச்சான், பத்தாம் தேதி வருகிறோம்" என்று செய்தி அனுப்புவது அறிவிப்பாகும், அனுமதி கேட்டதாகாது. சீட்டு எடுப்பதற்கு முன்பே, வருவோர் எத்தனை பேர், எந்நாள் வருகை, எந்நாள் திரும்புதல் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "பக்கத்தில் தங்குமிடம் பார்த்திருக்கிறோம், உங்கள் வீட்டில் ஒரு வேளை உணவும் ஒரு மாலைப் பொழுதும் போதும்" என்று சேர்த்துச் சொன்னால், வீட்டில் இடமிருப்பவர் உளமார வற்புறுத்தி அழைப்பார், இடமில்லாதவர் மானம் காக்கப்பட்டு மகிழ்வார்.

"நண்பர் இருக்க விடுதியில் தங்கினால் அவர் மனம் புண்படாதா?" என்ற வினா எழும். முதலில் புண்படலாம். முதல் இரவு அவர் இல்லத்தில் தங்கி, மறுநாள் விடுதிக்குச் சென்றால் அந்தப் புண்ணும் ஆறிவிடும். விடுதிக்குக் கொடுக்கும் ரிங்கிட்டை வீண் செலவு என்று எண்ண வேண்டியதில்லை. இருபது ஆண்டு நட்பைக் காக்கும் செலவு அது. அந்தச் செலவுக்கு இயலாதவர் மூன்று நாளில் திரும்பட்டும். நான்கு மணி நேரப் பயணத்துக்கு மூன்று நாள் குறைவானதன்று. பயணம் வேதனையின் ஒரு பகுதி. உணவையும் உறக்கத்தையும் தடுத்துவிடும். வந்த காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

நாட்களைத் தேர்வதிலும் கவனம் தேவை. கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு ஆகிய இடங்களில் வார விடுமுறை சனியும் ஞாயிறும். கெடாவில் வெள்ளியும் சனியும். நண்பரின் விடுமுறை எதுவோ அதையொட்டிச் சென்றால் அவர் வேலையை இழக்காமல் நம்மோடு இருப்பார். இரண்டு ஊர்களைக் காண விரும்புவோர் அவர் வாகனத்தையே நம்பியிருக்க வேண்டாம். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து படகில் கடலைக் கடந்தால் பினாங்கின் ஜார்ஜ் டவுன். பிள்ளைகளும் அந்தப் பயணத்தைக் கொண்டாடுவார்கள்.

ஸல்மான் (ரலி) சென்ற வீடு

நல்ல விருந்தாளி எப்படியிருப்பார் என்பதற்கு ஸஹீஹுல் புகாரியில் ஓர் அழகிய முன்மாதிரி உண்டு. ஸல்மான் (ரலி), அபூதர்தா (ரலி) இருவரையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்துவைத்தார்கள். ஒருமுறை ஸல்மான் (ரலி) தம் சகோதரரைக் காணச் சென்றார்கள். வீட்டுப் பெண்மணியின் எளிய, கவனிப்பற்ற தோற்றத்தைக் கண்டு காரணம் வினவினார்கள். உங்கள் சகோதரருக்கு இவ்வுலகத் தேவை எதுவுமில்லை என்று மறுமொழி வந்தது. அபூதர்தா (ரலி) உணவு பரிமாறிவிட்டுத் தாம் நோன்பு நோற்றிருப்பதாகச் சொன்னபோது, நீங்கள் உண்ணாமல் நானும் உண்ணேன் என்றார்கள் ஸல்மான் (ரலி). இரவு முழுவதும் நின்று வணங்க எழுந்தவரை உறங்கச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உம் உடலுக்கும், உம் குடும்பத்தாருக்கும் உம்மீது உரிமை உண்டு. ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடும் என்று அறிவுறுத்தினார்கள். ஸல்மான் உண்மையே உரைத்தார் என்று நபி (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள்.

ஒரே இரவுத் தங்கல். அதற்குள் அந்த வீட்டுப் பெண்ணின் மனக்குறையை விருந்தாளி கண்டுகொண்டார். நண்பரை அவருடைய குடும்பத்தாரிடமே திருப்பிக் கொடுத்தார். வெளிநாட்டில் வாழும் நம் நண்பர்களுக்கும் இத்தகைய ஒரு விருந்தாளி தேவைப்படுகிறார். காலை முதல் நள்ளிரவு வரை உழைத்துப் பிள்ளைகளின் முகத்தையே மறந்தவர் இருப்பார். பிள்ளைகள் குர்ஆன் ஓதுவதில் பின்தங்கியிருப்பர். ஊரில் தாயார் பிரிவால் வாடுவதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஆளிருக்காது. இவற்றை உரிமையோடும் கனிவோடும் பேச நண்பரால்தான் முடியும். கடைத்தெருப் பையை நிரப்புவதிலேயே மூன்று நாளும் கழிந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு நேரம் எது?

பயணியின் தொழுகை

இத்தகைய பயணங்களில் தொழுகை குறித்துக் குழப்பம் நேர்வதைக் காண்கிறோம். சிலர் ஒரு மாதம் தங்கினாலும் சுருக்கியே தொழுகிறார்கள். சிலர் சுருக்கும் சலுகையையே அறியாதிருக்கிறார்கள். சுருக்கமாக நினைவூட்டுகிறோம்.

ஷாஃபிஈ மத்ஹபில், சென்று சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓரிடத்தில் நான்கு முழு நாட்கள் தங்க எண்ணியவர் அங்கே சேர்ந்தது முதல் முழுமையாகத் தொழ வேண்டும். திங்களன்று சேர்ந்து வெள்ளியன்று புறப்படுபவருக்கு இடையில் மூன்று முழு நாட்களே. அவர் லுஹர், அஸர், இஷாவை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கலாம், சேர்த்தும் தொழலாம். சனியன்று புறப்படுபவருக்கு நான்கு நாட்களாகிவிடுவதால் அச்சலுகை இல்லை. ஹனஃபி மத்ஹபில், ஓரிடத்தில் 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்க எண்ணியவர் பயணியே. அவர் சுருக்கித் தொழ வேண்டும். ஆனால் ஹஜ்ஜின் அரஃபா, முஸ்தலிஃபா நீங்கலாக இரு வேளைகளை ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழுவது அம்மத்ஹபில் இல்லை. மக்ரிபும் ஃபஜ்ரும் எந்நிலையிலும் சுருங்குவதில்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுபவர் எம்மத்ஹபினராயினும் முழுமையாகவே தொழ வேண்டும்.

இன்னொரு ஒழுக்கமும் உண்டு. ஒருவரின் வீட்டில் அவருடைய அனுமதியின்றி அவருக்கு இமாமத் செய்வதையும், அவருக்குரிய இருக்கையில் அமர்வதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஓதத் தெரிந்தவர் என்பதற்காக விருந்தாளி முந்திக்கொண்டு முன்னே நிற்பதும், வீட்டுக்காரர் நாள்தோறும் அமரும் நாற்காலியைப் பிடித்துக்கொள்வதும் சிறிய செயல்களாகத் தோன்றலாம். வீட்டுக்காரரின் கண்ணியம் இத்தகைய சிறியவற்றில்தான் இருக்கிறது.

கண்டு வர வேண்டியவை

உயர்ந்த கோபுரங்களையும் கேளிக்கைப் பூங்காக்களையும் காண வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் மகிழட்டும். அவற்றோடு நம் முன்னோரின் தடங்களையும் காட்டுங்கள். ஜார்ஜ் டவுனில் 1801இல் காதிர் முஹைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவரால் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. அந்நகரை யுனெஸ்கோ 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது; அந்த மரபில் நம்மவர்களுக்கும் பங்குண்டு. கோலாலம்பூரில் 1863இல் தொடங்கப்பெற்ற மஸ்ஜித் இந்தியாவில் ஜுமுஆவன்று தமிழில் குத்பா கேட்கலாம். சிங்கப்பூர் செல்வோர் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் சோழ நாட்டு முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழட்டும். பினாங்கில் உண்ணும் நாசி கண்டார், நம்மவர்கள் காவடித் தடியில் சோறும் குழம்பும் சுமந்து தெருத் தெருவாக விற்றதில் பிறந்த உணவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தோள் காய்த்துப் பிழைத்த தலைமுறையை அறிந்த பிள்ளை, வெளிநாட்டுக் காசு மரத்தில் காய்ப்பதாக எண்ணாது.

கண்டதும் அமானிதம்

ஒரு குடும்பத்தின் செய்தி நம் செவிக்கு எட்டியது. ஒரே மதரஸாவில் ஓதி வளர்ந்த நண்பர்கள் இருவர். ஒருவர் மலேசியாவில் சிறு உணவகத்தில் பங்காளி. மற்றவர் ஊரில் வியாபாரி. ஊர் நண்பர் குடும்பத்தோடு சென்று இரு வாரம் தங்கித் திரும்பினார். திரும்பிய பின் வீட்டுப் பெண்கள் நடத்திய பேச்சில், "அங்கே என்ன இருக்கிறது? வாடகை வீடு, தரையில்தான் படுக்கை. இவர்களா இங்கே மாடி கட்டுகிறார்கள்?" என்ற சொல் விழுந்தது. அது தெருவைச் சுற்றி நண்பரின் தாயார் காதுக்குச் சென்றது. மகளின் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வீட்டுக்கும் சென்றது. தம் மகன் கட்டிலை விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டுப் பதினான்கு இரவும் தரையில் படுத்தான் என்பதைத் தாயார் பின்னரே அறிந்தார். இன்று அவ்விரு குடும்பங்களுக்கிடையே ஸலாம் கூட இல்லை.

விருந்தாளி என்பவர் பிறருக்கு அடைக்கப்பட்ட கதவு தமக்குத் திறக்கப்பெற்றவர். உள்ளே கண்ட வறுமை, கணவன் மனைவிக்கிடையே கேட்ட சொல், பிள்ளையின் குறை, சம்பளத்தின் அளவு ஆகிய அனைத்தும் அமானிதம். அதை ஊருக்குக் கொண்டுவந்து விரிப்பவர் புறம் பேசிய பாவத்தோடு, ஒப்படைக்கப்பட்டதை மோசடி செய்த பாவத்தையும் சுமக்கிறார். இன்றைய கைபேசிக் காலத்தில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு: நண்பரின் வீட்டுக் கூடத்தையும் அவர் வீட்டுப் பெண்களையும் படம் பிடித்து நிலைச்செய்தியில் ஏற்றுவது. கேளாமல் எடுக்கும் ஒவ்வொரு படமும் அந்த வீட்டின் திரையை விலக்குவதாகும்.

அமானிதம் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. பயணம் என்றவுடன் ஊரார் பொட்டலங்களைக் கொண்டுவந்து தருவார்கள். உள்ளே இருப்பதைத் திறந்து காணாமல் எதையும் ஏற்காதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு மலேசியச் சட்டத்தில் மரண தண்டனைக்கே இடமுண்டு. வேற்றார் பொதியை வாங்கிச் சென்று நண்பரின் வாசலுக்குக் காவல்துறையை அழைத்துச் செல்லும் நிலையிலிருந்து அல்லாஹ் காப்பானாக!

விருந்தளிக்கும் சகோதரர்களுக்கு

அயல்நாடுகளிலிருந்து இதைப் படிப்போருக்கும் சில சொற்கள் உண்டு. இப்ராஹீம் (அலை) அவர்களிடம் விருந்தினர் வந்தபோது, அவர்கள் ஓசையின்றிக் குடும்பத்தாரிடம் சென்று, கொழுத்த கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்து வைத்ததை அத்தாரியாத் அத்தியாயம் கூறுகிறது. வீட்டில் இருந்ததில் சிறந்ததை விரைந்து கொடுத்தார்கள். இல்லாததற்குக் கடன்பட்டுக் கொடுப்பது அந்த முன்மாதிரியில் இல்லை. நம் நண்பர்கள் செய்யும் பெரும் தவறு, ஊராரிடம் தம் நிலையை உயர்த்திக் காட்டுவதற்காகத் தாங்க இயலாத விருந்து வைப்பது. இருப்பதைப் பகிருங்கள். இடம் இல்லையெனில் இல்லை என்று ஸலாமோடு சொல்லுங்கள். உண்மையைக் கேட்டு முறியும் நட்பு முன்பே முறிந்திருந்த ஒன்றே.

செல்பவருக்கும் ஒரு கடன் மீதமிருக்கிறது. அந்த நண்பர் ஈராண்டுக்கு ஒருமுறை விடுப்பில் ஊர் வரும்போது, அவர் கொண்டுவரும் பொருளை எதிர்பார்த்து நிற்கிறோமா, அல்லது அவரை அழைத்து அமரவைத்து ஒரு வேளை உணவளிக்கிறோமா? கீழக்கரைத் தொதலோ காயல்பட்டினத்துத் தம்மடையோ ஒரு பொட்டலம் கையில் கொடுத்தனுப்புகிறோமா? அவருடைய தாயார் நோயுற்றால் மருத்துவமனைக்கு உடன் செல்கிறோமா? வெளிநாட்டில் வாழ்பவனுக்கு ஊரிலுள்ள நண்பன் செய்யத்தக்க பெரும் விருந்து அவனுடைய பெற்றோரைப் பார்த்துக்கொள்வதுதான். அதைச் செய்தவர் மூன்று நாள் தங்கினாலும் அந்த வீடு அவரை மகிழ்ச்சியோடு நினைக்கும்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும், நம் சந்திப்புகளைத் தன் பொருத்தத்துக்குரியவையாகவும் ஆக்குவானாக! நம்மால் எந்த வீட்டின் அமைதியும் குலையாமலும், எந்த நண்பரின் கண்ணியமும் குறையாமலும் காத்தருள்வானாக! தனக்காக நேசித்தோரை மறுமையில் ஒன்றுசேர்ப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.